4, 5 சேர்ந்த வகுப்பு: 23-ல் 7 பேர் எழுத்துக்கூட்டும் நிலை. வாசிப்பையும் எதுகை, மோனை, உவமையையும் எப்படிச் சேர்த்து நடத்துவது?

கரிசல் டீச்சர்

4, 5 இரண்டும் ஒரே அறை. மொத்தம் 23 பிள்ளைகள். 6 பேர் சரளமாக வாசிக்கிறார்கள். 10 பேர் சொல் சொல்லாக நிறுத்தி எப்படியோ பத்தியை முடித்துவிடுகிறார்கள், ஆனால் வாசித்ததில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். மீதி 7 பேர் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள். கொ, கோ, கௌ வந்தால் நின்றுவிடுகிறார்கள், உகர ஊகார வரிசையிலும் தடுமாற்றம்.

இந்த நிலையில் செய்யுள் பாடம் வந்தால் எதுகை, மோனை, இயைபு எடுத்து எழுத வேண்டும், உரைநடையில் உவமையைக் கண்டுபிடிக்க வேண்டும். "இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை" என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பாட்டைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் எதையாவது அடிக்கோடிடுகிறார்கள். உவமை என்றால் "போல" எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கோடு.

என் கேள்விகள்: வாசிப்பே வராத பிள்ளைக்கு அணி (உவமை மாதிரியானவை), தொடை (எதுகை, மோனை மாதிரியானவை) சொல்லிக்கொடுப்பதில் பயன் உண்டா, அல்லது முதலில் வாசிப்பை முடித்துவிட்டு அதற்கு வர வேண்டுமா? யாருக்கு எங்கே தடுக்கிறது என்பதை அதிக நேரம் போகாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பீரியட் 40 நிமிடம்தான்.

சிலேட்டுப்பலகை

டீச்சர், வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அணி பற்றி வேறு யாராவது எழுதுவார்கள்.

முதலில் 23 பேரையும் தனித்தனியாக ஒரு தடவை வாசிக்க வைத்துக் கேளுங்கள். ஆளுக்கு 2 நிமிடம், தினம் 5 பேர் என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து சரியாக 50 சொல் உள்ள பத்தி ஒன்றை எடுங்கள். நடத்திய பாடம் கூடாது, ஏனென்றால் பாதிப்பேருக்கு அது மனப்பாடம். பிள்ளையிடம் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி. சரியாக வாசித்த சொல்லுக்கு ஒன்றும் போட வேண்டாம். தவறிய சொல்லின் மேல் பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதுங்கள். விட்ட சொல்லுக்கு வட்டம். தானே திருத்திக்கொண்டால் "தி" என்று போட்டு விட்டுவிடுங்கள், அது பிழைக் கணக்கில் வராது. 50-ல் 2 பிழை வரை என்றால் அந்தப் பத்தியைத் தனியாகக் கொடுக்கலாம். 3 முதல் 5 என்றால் கூட நீங்கள் இருக்க வேண்டும். 6-ம் அதற்கு மேலும் போனால் அந்தப் பத்தி அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பதால்தான் வாசிப்பு என்றாலே முகம் வாடுகிறது.

எத்தனை பிழை என்பதைவிட என்ன பிழை என்பதைப் பாருங்கள். இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "இலை" என்று அச்சில் இருக்கும், பிள்ளை "எலை" என்று வாசிக்கும். "உடம்பு" "ஒடம்பு" ஆகும், "விலை" "வெலை" ஆகும், "புகை" "பொகை" ஆகும். இது வாசிப்புப் பிழை அல்ல. பேச்சில் முதல் எழுத்து இகர உகரக் குறிலாக இருந்து அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் மாறும். பிள்ளை எழுத்தைச் சரியாகப் படித்து, சொல்லையும் புரிந்துகொண்டு, வீட்டில் பேசுகிற மாதிரி சொல்கிறது. இதைப் பிழை என்று குறித்தால் நன்றாக வாசிக்கிற பிள்ளையும் பின்தங்கிய பட்டியலுக்குப் போய்விடும். ஆனால் சொல்வதை எழுதச் சொல்லும்போது அதே பிள்ளை "எலை" என்றே எழுதும், அங்கே கட்டாயம் திருத்த வேண்டும். இலை, இடம், விலை, விறகு, உடம்பு, உலகம், குடம், புகை இந்த எட்டையும் ஒரு சார்ட்டில் "பேசுவது / எழுதுவது" என்று இரண்டு வரிசையாக எழுதி ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசி மெய்யும் இப்படித்தான். "பால்" "பாலு" ஆகும், "மரம்" என்பதில் ம் பாதி மூக்கில் போய்விடும். எழுதும்போது "மர" என்று நிற்கும். வாசிக்கும்போது விரலைக் கடைசிப் புள்ளி வரை கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எழுத்துக்கூட்டும் 7 பேருக்கு 247-ஐயும் வரிசையாகத் திரும்ப நடத்தாதீர்கள். அ, ஆ அவர்களுக்குத் தெரியும், தடுப்பது குறிகள். ஒரு குறியை மட்டும் மாற்றிச் சொல் மாறுவதைக் காட்டுகிற தொகுப்பு வேண்டும். என் கணக்கில் மிக நல்ல தொகுப்பு: கடை, காடை, குடை, கூடை, கொடை, கோடை. ஆறு சொல், இரண்டாம் எழுத்து எல்லாவற்றிலும் டை, மாறுவது முதல் எழுத்தின் குறி மட்டும். அடுத்து மடி, மாடி, முடி, மூடி. பிறகு வலை, விலை, வேலை. பொருள் தெரிந்த சொல்லாகவே இருக்கட்டும். பொருளில்லாத கூட்டெழுத்தைக் கத்தினால் சத்தம்தான் மிஞ்சும்.

கொ, கோ ஏன் தடுக்கிறது என்றால், கண் இடமிருந்து வலம் போகிறது, முதலில் ெ கண்ணில் படுகிறது, ஆனால் அது க்-க்குப் பிறகு ஒலிக்க வேண்டியது. பிள்ளை "கெ" என்று சொல்லிவிட்டு, துணைக்காலைப் பார்த்து "கா" என்கிறது. முதலில் நடுவில் உள்ள எழுத்தில் விரலை வைத்து, இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று பார்த்துவிட்டு அதன்பிறகே வாய் திறக்க வேண்டும் என்று பழக்குங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் என்றால் ஒ, இரட்டைக்கொம்பும் காலும் என்றால் ஓ. கௌ-வில் இன்னொரு வில்லங்கம்: வலப்பக்கக் குறி ள மாதிரியே இருக்கும். "கௌதாரி", "கெளுத்தி" இரண்டையும் போர்டில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், பெரியவர்களே ஒரு நொடி நிற்பார்கள். பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை. இது சொல்லைக் கொண்டுதான் பிடிபடும், விதியால் அல்ல.

உகர வரிசையை 18 தனி எழுத்தாக நடத்துவதால்தான் குழப்பம். வடிவத்தால் மூன்று கூட்டம்: சு, பு, யு, வு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு, ஞு மூன்றாவது. இந்த மூன்றாம் கூட்டம் ஏழுக்கும் நெடிலில் கால் முளைக்கும்: தூ, நூ, ணூ, லூ, றூ, னூ, ஞூ. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் போதும். ஙு வரும் சொல்லே பிள்ளைக்குக் கிடைக்காது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நடுவில் உள்ள 10 பேருக்கு எழுத்து தெரியும், தொடர் தெரியாது. சொல் சொல்லாக வாசித்தால் ஆறாவது சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோகும், பொருள் எங்கிருந்து வரும்? பென்சிலால் சாய்கோடு போட்டுக் கொடுங்கள்: "மழை நின்றதும் / பிள்ளைகள் எல்லாரும் / வாசலுக்கு ஓடினார்கள்." கோடு வரை ஒரே மூச்சு. நீங்கள் ஒரு துண்டு வாசிக்க, அவர்கள் விரல் வைத்து அதையே திரும்ப வாசிக்கட்டும். நீளச் சொல்லை உடைத்துக் காட்டுங்கள்: வந்து, கொண்டு, இருந்தார்கள். "மரமில்லை" என்பதில் மரம் எங்கே என்று கேட்டுக் கோடிடச் சொல்லுங்கள். புணர்ச்சி என்ற பேரே வேண்டாம்.

ஒரே 50 சொல் பத்தியை மூன்று நாள் வாசிக்கட்டும். நான்காம் நாள் அது பாட்டாகிவிடும். மனப்பாடமா வாசிப்பா என்று தெரிய, கடைசி வரியிலிருந்து பின்னோக்கிச் சொல் சொல்லாகக் கேளுங்கள், அல்லது அதே சொற்களை மாற்றிப் போட்டுப் புது வாக்கியம் எழுதி நீட்டுங்கள். உண்மை உடனே வெளிவரும்.

பொன்வண்டு

சிலேட்டுப்பலகை சார் சொன்னதோடு ஒன்று. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஸ்டாப்வாட்ச் வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. 2021-ல் வந்த மத்திய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுண் பாரத்தில் மூன்றாம் வகுப்பு முடிவுக்கு 60 சொல் என்று வைத்தார்கள். தமிழில் சொல்லை எண்ணுவது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. "மரம் நிழல் தரும்" மூன்று சொல், ஒன்பது எழுத்து. "வந்துகொண்டிருந்தார்கள்" ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. முதல் மாதம் குட்டிச் சொல் பத்தி, அடுத்த மாதம் நீளச் சொல் பத்தி வைத்தால் பிள்ளை பின்னால் போய்விட்டதாகத்தான் கணக்கு காட்டும். ஒப்பிட வேண்டுமென்றால் எழுத்தை எண்ணுங்கள், அல்லது இரண்டு பத்தியிலும் மொத்த எழுத்து ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

தாழ்வாரம்

அணி, தொடைப் பக்கம் நான் வருகிறேன்.

டீச்சர், உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: காத்திருக்க வேண்டாம். எதுகை, மோனை காதுக்கு உரியவை. எழுத்தே தெரியாத பாட்டி எதுகையோடு பழமொழி சொல்கிறார். அந்த 7 பேருக்கும் காது நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களை வாசித்து எடுக்கச் சொல்கிறோம் பாருங்கள், அங்கேதான் தப்பு. பாட்டை நீங்கள் சத்தமாகச் சொல்லுங்கள், அவர்கள் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். வாசிப்புக்கு வேறு பத்தி, வேறு நேரம். புதுப் பாட்டைக் கையில் கொடுத்து, எழுத்தையும் கூட்டு, எதுகையையும் கண்டுபிடி என்றால் இரண்டுமே நடக்காது.

மோனையிலிருந்து தொடங்குங்கள், அது எளிது. பிள்ளையின் பெயரோடு அதே முதல் எழுத்தில் ஒரு பொருள், ஒரு செயல்: "மாலா மாங்காய் மாற்றினாள்." வாயில் வந்ததெல்லாம் சரி. பிறகு பழமொழி: "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்." அ எத்தனை தடவை வந்தது, கை தட்டு. "ஆனைக்கும் அடி சறுக்கும்" சொன்னதும் யாராவது "டீச்சர், ஆ வேற, அ வேற" என்பார்கள். நல்ல கேள்வி. அ, ஆ, ஐ, ஔ நான்கும் தங்களுக்குள் மோனை ஆகும் என்று சொல்லி விட்டுவிடுங்கள். சகரத்துக்குத் தகரம் மோனை, மகரத்துக்கு வகரம் மோனை என்பதெல்லாம் இந்த வயதுக்குத் தேவையில்லை.

எதுகையில் பிள்ளைகள் விழும் குழி இரண்டு.

ஒன்று, எழுத்தை எண்ணத் தெரியாமை. "பட்டு" என்பதில் இரண்டாம் எழுத்து எது என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் "டு" என்பார்கள். புள்ளி வைத்த எழுத்தை அவர்கள் எழுத்தாகக் கணக்கிடுவதில்லை, ஏனென்றால் வாய் அதைத் தனியாகச் சொல்வதில்லை. விளக்கம் ஒப்பித்தும் எடுக்க வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பத்து நாள் எதுகையை மூட்டை கட்டிவைத்துவிட்டு, கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஒரு எழுத்தாகச் சொல் எழுதச் சொல்லுங்கள்: ப | ட் | டு. இரண்டாம் கட்டத்துக்கு வண்ணம் தீட்டட்டும். இது வந்துவிட்டால் எதுகை தானே வரும்.

இரண்டு, முதல் எழுத்தின் அளவு. பட்டு, கட்டு, எட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை அல்ல, ஏனென்றால் ஒன்றில் முதல் எழுத்து குறில், மற்றதில் நெடில். பாட்டு, வீட்டு, கேட்டு ஒரு கூட்டம். புத்தகத்தில் வரையறையைச் சுருக்கும்போது இந்தப் பாதி பல சமயம் காணாமல் போய்விடுகிறது. பிள்ளையிடம் "முதல் எழுத்தைச் சொல்ல எத்தனை தட்டு?" என்று மேசையில் தட்டிக் காட்டினால் போதும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.

எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" எல்லோரும் எடுக்கிற பழமொழி. பந்தி, படை மோனை. முந்து, பிந்து எதுகை. அதே முந்து, பிந்து ஈற்றிலும் ஒன்றுவதால் இயைபு. மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதாலேயே முதல் நாளுக்கு அது ஆகாது. எதுகையும் இயைபும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தபிறகு, கடைசியில் புதிர் மாதிரி இதைக் கொடுங்கள்.

இனி உவமை. "போல" என்ற சொல்லிலிருந்து தொடங்காதீர்கள், அது எழுத்துத் தமிழ். பிள்ளை நாள் முழுக்க உவமை பேசிக்கொண்டுதான் இருக்கிறது: "குரங்கு மாதிரி தாவுறான்", "குரங்காட்டம் தாவுறான்", தெற்கே போனால் "குரங்கு கணக்கா". இந்த மூன்றையும் போர்டில் எழுதி, இதைப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டால் "போல" அவர்கள் வாயிலிருந்தே வரும். நன்னூல் இலக்கணம் சொல்லும் 12 உவமை உருபுகளையும் (ஒப்பிடும் சொற்களையும்) எழுதிப்போட்டு மிரட்ட வேண்டாம். போல, போன்ற, அன்ன, நிகர் இந்த நான்கு போதும்.

நான்கு கட்டம் போடுங்கள்: எதை ஒப்பிடுகிறோம், எதோடு, எந்தச் சொல்லால், எதில் ஒற்றுமை. "பால் போன்ற நிலா": நிலா, பால், போன்ற, வெண்மை. நான்காவது கட்டம்தான் பாடமே. அதை நிரப்ப முடியாத பிள்ளை உருபைப் பார்த்துக் கோடிடுகிறது என்று அர்த்தம். அதே பாலைக் கொடுத்து "பால் போன்ற மனம்" என்று கேளுங்கள். வெண்மை என்று எழுதிவிட்டு, மனம் வெள்ளையாக இருக்குமா என்று அவர்களே சண்டை போடுவார்கள். போடட்டும்.

எல்லாப் "போல"வும் உவமை அல்ல என்பதையும் அன்றே காட்டிவிடுங்கள். "மழை வரும்போல இருக்கிறது" ஊகம். "நான் சொல்வது போலச் செய்" சொன்ன விதம். இவற்றில் இரண்டு பொருளே இல்லை, முதல் இரண்டு கட்டமும் காலியாக நிற்கும். பத்து வாக்கியம் கொடுத்தால் மூன்று வாக்கியமாவது இப்படிப்பட்டதாக இருக்கட்டும். எல்லாமே உவமையாகக் கொடுத்தால் பயிற்சித்தாளைப் படிக்காமலேயே முடித்துவிடுவார்கள்.

உருவகம் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் தொட்டுக் காட்டினால் போதும். அதற்கு விடுகதையைவிட நல்ல வழி இல்லை. "அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிகிறாள்": அம்மியும் குழவியும். ஒரு பொருளை இன்னொன்றாகவே சொல்லி, முதல் பொருளை ஒளித்துவைத்தால் விடுகதை. ஒளிக்காமல் இரண்டையும் சேர்த்து வைத்தால் உருவகம். "கல்விச் செல்வம்", "அன்புக் கடல்". நடுவில் "ஆகிய" போட்டுப் பார் என்று பலரும் சொல்லித்தருவார்கள்: கல்வியாகிய செல்வம். சரிதான், ஆனால் "வாழைமரம்" என்பதும் வாழையாகிய மரம்தான், அது உருவகம் இல்லை. அதனால் இன்னொரு கேள்வி கட்டாயம் வேண்டும்: நிஜமாகவே அது மரமா? ஆமாம். கல்வி நிஜமாகவே பெட்டியில் வைக்கிற செல்வமா? இல்லை. அப்போது உருவகம்.

கரிசல் டீச்சர்

புள்ளி எழுத்தை எண்ணாமல் விடுவது... இன்று சோதித்தேன், 23-ல் 15 பேர் "பட்டு"க்கு இரண்டு எழுத்து என்றார்கள். காரணம் புரிந்தது. நன்றி.

40 நிமிடத்துக்குள் மூன்று கூட்டத்தையும் எப்படி ஓட்டுவது என்று யாராவது சொன்னால் நல்லது. சரளமாக வாசிக்கும் ஆறு பேரை மற்றவர்களுக்குச் சொல்லித்தரவே பயன்படுத்தினால் அவர்கள் படிப்பு நின்றுவிடுமோ என்றும் பயம்.

வடகரை ஆசான்

ரீச்சர், நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்கட முதன்மை நிலை வகுப்புகளிலும் இதே கதைதான். தரம் 5-இல் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறபடியால் பிள்ளையள் விடையைப் பாடமாக்கிக்கொண்டு வருவினம், அவ்வளவு வித்தியாசம். மேலே சொன்ன இலை, எலை குழப்பம் எங்களிட்டைக் குறைவு. எங்கட பிழை ழகரத்தில். "மழை"யை "மளை" என்று வாசிக்கிறதும் எழுதுறதும். அதையும் வாசிப்புப் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், எழுத்தில் மட்டும் திருத்துங்கோ.

நேரப் பங்கீட்டுக்கு: முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் பொது. நீங்கள் வாசிக்கிறீர்கள், எல்லாரும் கேட்கினம். எதுகை, மோனை, உவமை எல்லாம் இந்தப் பத்து நிமிடத்துக்குள்ள. அடுத்த 20 நிமிடம் மூன்றாகப் பிரிய வேண்டும். எழுத்துக்கூட்டுகிற ஏழு பேரும் உங்களோட, தரையில், சொல் அட்டையோட. ஒரு நாளைக்கு 6 முதல் 8 அட்டை, அதில் நேற்றையது பாதி. நடுக் கூட்டம் இரண்டு இரண்டு பேராக, சாய்கோடு போட்ட பத்தியை மாறி மாறி வாசிக்கட்டும். ஒருத்தர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. கடைசி 10 நிமிடத்தில் அந்த நடுக் கூட்டத்தில் இரண்டு பேரிடம் மட்டும் நீங்கள் கேட்கிறது, மற்றவர்கள் கொப்பியில் எழுதுகிறது.

சரளமான ஆறு பேரை ஆகவும் பின்தங்கின பிள்ளையோட இருத்தாதீர்கள். இடைவெளி கூடினால் கெட்டிக்காரப் பிள்ளை முழுவதையும் தானே வாசித்துவிடும், மற்றது தலையாட்டும். வேணுமெண்டால் நடுக் கூட்டத்தோட, கிழமையில் ஒரு நாள் மட்டும். மற்ற நாளில் அவர்களுக்கு வேலை வேறு: வாசித்த கதைக்குக் கேள்வி தயாரிக்கிறது. மூன்று விதமாக எழுதச் சொல்லுங்கோ. விடை வரியிலேயே இருக்கிற கேள்வி ஒன்று, இரண்டு வரியைச் சேர்த்தால்தான் விடை வருகிற கேள்வி ஒன்று, கதையில் எழுதாததை ஊகிக்க வேண்டிய கேள்வி ஒன்று. "ஆச்சி குடையை எடுத்தா, பிறகு திரும்ப வைத்துவிட்டா." ஏன் வைத்தா? மழை என்ற சொல்லே கதையில் இல்லை. முதலாவது விதம் சுலபமாக வரும், மூன்றாவதுக்கு அவர்களுக்கே ஒரு மாதம் பிடிக்கும். அந்தக் கேள்விகளையே மற்றப் பிள்ளையளுக்குக் கேட்கலாம்.

பொருள் விளங்காத பத்துப் பேருக்கு ஐந்து விரல்: ஆர், எங்கே, என்ன சிக்கல், என்ன செய்தினம், எப்படி முடிந்தது. வாசித்து முடித்து விரல் விரலாகச் சொல்ல வேண்டும். அநேகமாக மூன்றாம் விரலில் நிற்பினம். சிக்கலைச் சொல்லத் தெரியாத பிள்ளை கதையை நிகழ்ச்சிப் பட்டியலாக வாசித்திருக்கிறது. அப்படியென்றால் முழுக் கதையும் வாசிக்க விடாமல் சிக்கல் வருகிற இடத்தில் நிறுத்தி, "இனி என்ன நடக்கும், எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கோ. அந்த "எதை வைத்து" முக்கியம். அது இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லுவினம்.

பொன்வண்டு

தாழ்வாரம் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் சொல்லாமல் காதால் பழக்குவது சரி, ஆனால் நான்காம் வகுப்பில் மோனை, எதுகை என்ற பெயரையும் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த வகுப்பு ஆசிரியர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார். விஷயம் தெரிந்தும் பெயர் தெரியாத பிள்ளை பேப்பரில் வெறுமையாக விட்டுவிட்டு வரும்.

தாழ்வாரம்

பெயரே வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வரட்டும் என்கிறேன். பிள்ளைகள் தாமாக ஒரு பத்துச் சோடி சேர்த்தபிறகு, "இதற்குப் பெரியவர்கள் எதுகை என்று பேர் வைத்திருக்கிறார்கள்" என்றால் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். வரையறையை எழுதிப்போட்டு அதன்பின் எடுத்துக்காட்டு தேடினால், டீச்சர் சொன்ன அதே ஒப்பித்தல்தான் திரும்ப வரும்.

கரிசல் டீச்சர்

கடைசியாக ஒன்று. இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர். "பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி" என்று சொல்லிக்கொடுத்தேன். "கடகட" என்று எழுதியதும் ஒரு பையன் எழுந்து, "கட என்றால் தாண்டு என்று அர்த்தம் இருக்கிறதே, அப்போது இது அடுக்குத்தொடர்தானே?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

சிலேட்டுப்பலகை

பையன் கேட்டது சரியான கேள்வி. "படபட"வில் பட, "குடுகுடு"வில் பேச்சுவழக்குக் குடு, எல்லாவற்றிலும் இதே இடறல் உண்டு. "பொருள் தராது" என்பதை "அந்த வாக்கியத்தில் பொருந்தும் பொருள் தராது" என்று மாற்றிச் சொல்லுங்கள். சோதனை இப்படி: ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து வாக்கியத்தைப் படி. "வண்டி கடகடவென ஓடியது" என்பதில் ஒன்றை எடுத்தால் "வண்டி கடவென ஓடியது". நிற்கவில்லை, ஆகவே இரட்டைக்கிளவி. "பாட்டி மெல்ல மெல்ல நடந்தார்" என்பதில் ஒன்றை எடுத்தால் "பாட்டி மெல்ல நடந்தார்". நிற்கிறது, ஆகவே அடுக்குத்தொடர்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அடுக்குத்தொடரை நீட்டலாம், "பாம்பு, பாம்பு, பாம்பு" என்று அலறலாம், நான்கு வரை போகும். கடகட இரண்டோடு நின்றுவிடும். இரட்டைக்கிளவியைச் சேர்த்தே எழுத வேண்டும், அடுக்குத்தொடரில் இடைவெளி விட வேண்டும். ஆனால் இந்த இடைவெளியை வைத்து மட்டும் முடிவு செய்யச் சொல்லாதீர்கள். செய்தித்தாள், கடைப் பலகை எல்லாவற்றிலும் "சல சல" என்று பிரித்து அச்சிட்டிருப்பார்கள், அடுத்த நாளே அந்தப் பையன் அதைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்பான்.